ஏறவில்லை அல்ல, ஏற்றவில்லை

பட்டாபிராம்,
1-9-1994

அன்புத் தங்கை கண்ணம்மாவுக்கு,

இங்கே நானும் என் தையல் மிஷினும் சௌக்கியம். மிஷினுக்கு மட்டும் எண்ணெய் போட வேண்டும்.

சுசீலா அனுப்பிய விமானச் சீட்டு நேற்று ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. உன் மகள் முதல் சம்பளத்தை இப்படியா கரைப்பாள் என்று கோபம்தான் வந்தது. பிறகு சீட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். எதிர்வீட்டு லோகநாதன், எங்கள் பட்டாளத்துத் துணி பாக்டரி யூனியனில் செயலாளராக இருந்தவர், கண்ணாடி போட்டு அதைப் படித்தார். "இதோ ஓ.கே.ன்னு அடிச்சிருக்கான் பாரும்மா. உன் இடம் உனக்குதான், நடுவுல எவனும் கை வைக்க முடியாது" என்றார். பத்தாம் தேதி சனிக்கிழமை காலை ஏழேகால் விமானம். ஆறரைக்குக் கவுன்ட்டரை மூடுவார்களாம். நான் ஐந்தரைக்கே போய் நிற்பேன். துலுக்கானத்தின் ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று.

ஒரு வாரம் முன்னாலேயே வரச் சொல்கிறாய். இந்த முப்பதாம் தேதியோடு எனக்கு ரிட்டயர்மென்ட். அதற்குள் பட்டாளத்துப் பனிக்கோட்டுகள் போயாக வேண்டும். கடைசிக் கட்டைப் பரிசோதித்து என் முத்திரையைக் குத்தாமல் கிளம்ப மனமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது முடியும். சனிக்கிழமை பகலில் உன் வீட்டில் இருப்பேன். முகூர்த்தம் ஞாயிறுதானே.

சுசீலாவின் முகூர்த்த ரவிக்கை தயார். மயில்கழுத்து நிறப் பட்டு, கைக்கு இரண்டு விரல் ஜரிகை. உள்தையலில் ஒன்றரை அங்குலம் விட்டிருக்கிறேன், நாளைக்கு உடம்பு போட்டாலும் பிரித்துக்கொள்ளலாம். தபாலை நம்பமாட்டேன். கையில் கொண்டுவருகிறேன்.

"உன் பாக்டரிலேருந்து ரெண்டு ஸ்டேஷன் தள்ளி திருமுல்லைவாயில்ல நடந்த என் கல்யாணத்துக்கே எல எடுக்கும்போது வந்தவ நீ" என்று போன கடிதத்திலும் குத்தியிருக்கிறாய். அது 71, யுத்த நேரம், லீவு தரவில்லை. இருபத்து மூன்று வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தொரு வருடத்தில் கேட் ரிஜிஸ்டரில் என் பெயருக்கு எதிரே ஒரு நாள் சிவப்பு மை விழுந்ததில்லை. இந்தக் கல்யாணத்திலும் விழாது.

உன் அக்கா
வேம்புலி
மாலை 6-40


செம்பூர், பம்பாய்,
14-9-1994

அக்காவுக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அந்தக் கவலையாவது உனக்கு இருந்திருக்கும் என்று இதை முதலில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் நானும் உத்தமனும் நின்றோம். கல்யாண மாப்பிள்ளை முந்தின நாள் வெளியே அலையக்கூடாது என்று சொன்னேன். பெரியம்மாவை நானே அழைத்துவருகிறேன் என்று பிடிவாதமாக வந்தார். கடைசி ஆள் பெட்டியை எடுத்துக்கொண்டு போகும்வரை நின்றோம். பிறகு கவுன்ட்டரில் கேட்டோம். அங்கே ஒரு தமிழர் இருந்தார். பட்டியலைப் பார்த்துவிட்டு, "அந்த அம்மா லேட்டா வந்தாங்களாம். லேட்டுன்னு அவங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க, மெட்ராஸ்லேருந்து செய்தி வந்திருக்கு" என்றார். உத்தமன் என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் உன் தந்தி, விமானம் ஏற இயலவில்லை என்று. ஏன் இயலவில்லை? பனிக்கோட்டில் இன்னும் ஒரு பித்தான் பாக்கி இருந்ததா?

மறுநாள் காலை எட்டரை வரை சுசீலா பழைய ரவிக்கையோடு உட்கார்ந்திருந்தாள். "பெரிம்மா எப்டியாச்சும் வந்துடும்மா, இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று ஆறு முறை சொன்னாள். கடைசியில் பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பெண்ணின் ரவிக்கையை ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். படத்தில் தோள்பட்டை சுருங்கிக் கிடக்கிறது. ஆயுசுக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நீ விமானத்தில் ஏறவில்லை. அவ்வளவுதான். கடிதத்தில்கூட மணி பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள், எங்கள் நல்லநாளுக்கு மட்டும் மணி பார்க்கமாட்டாய்.

கண்ணம்மா


பட்டாபிராம்,
19-9-1994

அன்புத் தங்கை கண்ணம்மாவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்து முடித்தேன். உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

முதலில் உன் கடிதத்தில் ஓர் எழுத்தைத் திருத்து. நான் விமானத்தில் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஏற்றவில்லை. நடுவில் புள்ளி வைத்த ஒரு 'ற்' இருக்கிறது. நடந்தது முழுவதும் அந்த ஓர் எழுத்துக்குள் இருக்கிறது. தந்தி குமாஸ்தாவிடமும் "எடம் குடுக்கலன்னு போடுப்பா" என்றுதான் சொன்னேன். அவர் இங்கிலீஷில் சுருக்கிவிட்டார்.

துலுக்கானம் நாலேகாலுக்கே வந்துவிட்டான். பூந்தமல்லி, காட்டுப்பாக்கம், போரூர் வழியாக மீனம்பாக்கம் சேர்ந்தபோது ஐந்து இருபது. வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர். என் முறை வந்ததும் கவுன்ட்டர்க்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் துணிப்பையைப் பார்த்தார். தனியாகவா வந்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார். நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் போர்டிங் அட்டை எழுதிக் கொடுத்தார். மறுபடி அவரிடம் போனேன்.

"ப்ளைட் புல் ஆயிடுச்சும்மா."

"எப்டி புல்லாவும்? ஓ.கே. போட்ட சீட்டு கையில கீது. நானும் இங்கதான் கீறேன்."

"எல்லாருக்கும் ஓ.கே. தாம்மா. எப்பவும் இருக்குற இடத்துக்கு மேல நாலு சீட்டு வித்துடுவாங்க. நாலு பேர் வரமாட்டாங்கன்னு ஒரு கணக்கு. இன்னிக்கு எல்லாரும் வந்துட்டாங்க."

"அப்ப கடைசியா வரவன நிறுத்து. எனக்கு முன்ன ஆறே பேருதான்."

அவர் இழுப்பறையைத் திறந்தார். ஒரு தாளை நீட்டினார். மத்தியானம் இன்னொரு விமானம் இருக்கிறது, அதில் முதல் ஆள் நான்தான், அதற்காக ஒரு கையெழுத்து என்றார். மத்தியானம் கிளம்பினாலும் முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வந்துவிடலாமே என்று போட்டுவிட்டேன். இங்கிலீஷ் தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கோட்டின் அளவும் பாஸும் ரிஜெக்டும்தான். படித்துக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். அது என் குறை, ஒப்புக்கொள்கிறேன். அதில் 'லேட்' என்று இருந்தது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

ஆறேகாலுக்குத் தோல்பையோடு ஒருவர் சீட்டால் விசிறிக்கொண்டு வந்தார். உள்ளே இருந்து ஒரு அதிகாரி ஓடிவந்து கை குலுக்கினார். அவருக்கு அட்டை கிடைத்தது. யாரைத் திருப்பினால் சத்தம் போடாமல் போவார்கள் என்று பார்த்திருக்கிறார்கள் கண்ணம்மா. ஆளைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கேட்டால் மத்தியான விமானமே கிடையாது, அவர்களுடைய அடுத்தது திங்கட்கிழமைதான், மற்ற கம்பெனிகளிலும் இடம் இல்லை என்கிறார்கள். அங்கிருந்து உங்கள் மாடிவீட்டு போனுக்குக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் மண்டபத்துக்குப் போயிருப்பீர்கள். சென்ட்ரலுக்குப் போய்க் கேட்டேன். அன்று ராத்திரி வண்டி பம்பாய் சேர்வது திங்கட்கிழமை காலை.

துலுக்கானம் சவாரிக்குப் போகாமல் எனக்காக வெளியிலேயே கிடந்தான். "இன்னா யக்கா, ஏரோப்ளேன் பூட்ச்சு, நீ மட்டும் நிக்கிற?" என்றான். உள்ளே விடவில்லை என்றேன். "சீட்டு வித்துட்டு உடலன்னா இன்னா நாயம் இது? மூணு பேர ஏத்திகினு நாலாவது ஆளாண்ட நா துட்டு வாங்குனா, போலீசு வண்டியோட தூக்கிகினு பூடுவான் என்னிய" என்றான். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று நினைத்துக்கொண்டு சிரித்தேன்.

எங்கள் பாக்டரியில் ஒரு சட்டையைத் திருப்பி அனுப்புவதானாலும் பித்தான் காஜாவில் ஒரு சீட்டைக் கட்டுவோம். என்ன குறை, பார்த்தது யார், மணி என்ன. அது இல்லாமல் ஒரு சட்டையைத் தள்ள எனக்கு அதிகாரம் இல்லை. என்னைத் தள்ளினவர்கள் ஒரு சீட்டும் கட்டவில்லை. கட்டவைக்காமல் விடமாட்டேன். ரவிக்கை என்னிடம் இருக்கிறது. கையில் கொண்டுவருவதாகச் சொன்ன பொருள், தபாலில் வராது.

உன் அக்கா
வேம்புலி
இரவு 7-15


செம்பூர்,
3-10-1994

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். உத்தமன் மறுபடி விமானக் கம்பெனியின் ஆபீசுக்குப் போய் விசாரித்தார். கவுன்ட்டர் மூடிய பிறகு வந்தேன் என்று நீ கையெழுத்துப் போட்ட தாள் மெட்ராசில் பத்திரமாக இருக்கிறதாம். அவர் உன்னைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது.

எனக்கு அலுத்துவிட்டது அக்கா. அன்று யுத்தம், இன்று கம்பெனி. உனக்கு எப்போதும் பெரிய இடத்துக் காரணம் ஒன்று கிடைத்துவிடுகிறது. ரவிக்கையை யாருக்காவது கொடுத்துவிடு. இதைப் பற்றி இனி எனக்கு எழுதாதே.

கண்ணம்மா


பட்டாபிராம்,
20-12-1994

அன்புத் தங்கை கண்ணம்மாவுக்கு,

தீபாவளிக்கு எழுதினேன். கார்த்திகைக்கு எழுதினேன். பதில் இல்லை. எழுதாதே என்றாய், படிக்காமல் இருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

ரிட்டயர் ஆகிவிட்டேன். மாலை போட்டுச் சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். அது ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பின்தங்குகிறது. கடையில் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்கிவிட்டேன். குறை என்ன என்று சீட்டு எழுதிக் கட்டித்தான் கொடுத்தேன். கடைக்காரர் அதை அவர் சம்சாரத்துக்குக் காட்டினாராம்.

கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. நான் தாமதமாக வந்ததை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறேனாம். இருந்தாலும் நல்லெண்ணத்தின் பேரில் ஒரு இலவசச் சீட்டு தருகிறார்களாம். தாமதமாக வந்தவளுக்கு எதற்கு இலவசச் சீட்டு? அதை அப்படியே கேட்டுத் திருப்பி அனுப்பினேன். அந்தத் தாளின் நகலையும் கேட்டேன். அது கம்பெனியின் ஆவணம், தர முடியாது என்கிறார்கள்.

பயணச் சீட்டின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. லோகநாதனை உட்காரவைத்து ஒரு வரி விடாமல் படித்துச் சொல்லச் சொன்னேன். தாமதமாக வருகிறவருக்கு அது இல்லை, இது இல்லை என்று பதினோரு வரி இருக்கிறது. நேரத்தில் வந்தவரைக் கம்பெனி நிறுத்திவைக்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை. மூர் மார்க்கெட் பக்கம் நடைபாதைக் கடையில் நுகர்வோர் சட்டம் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் வாங்கினேன். பிடிபடாத இடத்தை மூன்று முறை படித்தேன். வக்கீல் வைக்க வேண்டாம், நாமே எழுதி நாமே பேசலாம் என்கிறது. ஏழு பக்கம் எழுதி நுகர்வோர் மன்றத்தில் கொடுத்துவிட்டேன். லோகநாதன் சத்தமாகப் படித்துப் பார்த்து, இரண்டாம் பக்கத்தில் 'அயோக்கியர்கள்' என்பதை மட்டும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

அவர்களிடம் நான் கேட்டிருப்பது ஒன்றுதான். வேம்புலியம்மாள் நேரத்தில் வந்தாள், நாங்கள்தான் ஏற்றவில்லை, காரணம் இது என்று ஒரு தாள். அது வந்தால் முதல் நகல் உனக்கு.

உன் அக்கா
வேம்புலி
பகல் 11-05


பட்டாபிராம்,
16-1-1995

அன்புத் தங்கை கண்ணம்மாவுக்கு,

உன் வீட்டில் பொங்கல் பொங்கியிருக்கும். இங்கே நான் ஒருத்திக்கு ஒரு கைப்பிடி அரிசி போட்டேன். துலுக்கானத்தின் பெண்டாட்டி குப்பம்மா வந்து கரும்பு வைத்துவிட்டுப் போனாள்.

முதல் விசாரணை முடிந்தது. கம்பெனி வக்கீலுக்குச் சின்ன வயது, பெரிய பை. "பாட்டி, உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்?" என்றார். "பாட்டி இல்ல தம்பி, மனுதாரர்" என்றேன். மன்றத் தலைவர் குனிந்துகொண்டு சிரித்தார். நான் கையெழுத்துப் போட்ட அசல் தாளை ஏப்ரல் பத்தாம் தேதி கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு.

உன்னிடம் மறைக்கவில்லை. லோகநாதனுக்கு பயம். அந்தத் தாளில் தாமதம் என்று அச்சடித்திருந்து, அடியில் என் கையெழுத்தும் இருந்தால் நான் சொல்வதை யார் நம்புவார்கள் என்கிறார். என் பக்கத்தில் எழுத்தாக ஒன்றும் இல்லை. துலுக்கானம் சாட்சி சொல்வான், ஆனால் அவன் வெளியே நின்றவன். அங்கே தோற்றால் நீயும் கதவைச் சாத்திக்கொள்வாய். எனக்கு இருப்பது நீ ஒருத்தி. ஆனாலும் வாபஸ் வாங்கமாட்டேன். வாபஸ் வாங்கினால் நான் தாமதமாக வந்தேன் என்று நானே சொன்னதாக ஆகும்.

உன் அக்கா
வேம்புலி
மாலை 4-30


செம்பூர்,
2-3-1995

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதாமல் ஐந்து மாதம் இருந்துவிட்டேன். திட்டுவதானால் நேரில் திட்டு.

நல்ல செய்தி முதலில். சுசீலாவுக்கு நாலாவது மாதம். வாந்தி நின்று இப்போதுதான் சாப்பிடுகிறாள். ஆனியில் வளைகாப்பு வைக்க நினைக்கிறோம். நாள் குறிக்க ஜோசியர் அவள் பிறந்த நேரத்தைக் கேட்டார் என்று, பிரசவத்துக்கு நான் அங்கே வந்திருந்தபோது நீ பம்பாய்க்கு எழுதிய கடிதத்தைத் தேடி டிரங்குப் பெட்டியை இறக்கினேன். உன் கடிதங்கள் முழுவதும் அதில்தான் இருக்கின்றன. 71-இல் நான் பம்பாய் வந்த வாரம் முதல்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அப்பா போன செய்தி எழுதிய கடிதத்தில்கூட உன் பெயருக்கு அடியில் 'காலை 9-10' என்று இருக்கிறது. உன் வீட்டுக்காரர், மாமா போன கடிதத்தில் 'இரவு 8'. எழுத்து கோணிக்கிடக்கிறது, மணி மட்டும் நேராக இருக்கிறது. ஒன்றில்கூட நீ விடவில்லை. நாலாவது கட்டைப் பிரிக்கும்போது சட்டென்று கை நின்றுவிட்டது. அக்கா, அந்தத் தாளிலும் போட்டிருப்பாயே? உன் கை போடாமல் விட்டிருக்காதே? உன் பெயருக்கு அடியில் என்ன மணி இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா?

சுசீலாவிடம் சொன்னேன். "இத்தன நாளா இதப் பாக்காம பெரிம்மாகூட சண்ட போட்டியா" என்று என்மேல் பாய்ந்தாள். நீ போட்டிருப்பாய். தாளைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறையில் உன்னை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் இனி எனக்கு அது தேவையில்லை. ஆனால் உனக்குத் தேவை. அதனால் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பார்சலாகக் கட்டி அனுப்பியிருக்கிறேன். நூற்று நாற்பத்தாறு. ஒன்று குறைந்தாலும் திருப்பி வாங்கமாட்டேன்.

வளைகாப்புக்கு அந்த மயில்கழுத்து ரவிக்கையைத்தான் போடுவேன் என்கிறாள். உள்தையலைப் பிரிக்க நீ வர வேண்டும்.

இன்னொன்று. இதை எழுதவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். திருப்பி அனுப்புகிற சட்டைக்கே காரணம் எழுதிய சீட்டு வேண்டும் என்கிறாயே. திருமுல்லைவாயில் கோயில் வாசலில் தாலி ஏறும்வரை நான் ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். லீவு தரவில்லை என்று நீ சொன்ன காரணத்தை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. எனக்கும் ஒரு சீட்டுக் கட்டு அக்கா.

உன்
கண்ணம்மா


பட்டாபிராம்,
26-4-1995

அன்புத் தங்கை கண்ணம்மாவுக்கு,

பார்சல் வந்த அன்று கடிதங்களைத் தரையில் பரப்பிவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன். நான் போட்டேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை கண்ணம்மா. மூச்சு விட்டதை யார் நினைவு வைத்திருப்பார்கள்? எங்கள் கேட்டில் மணி போடாத கையெழுத்து செல்லாது. முதல் வாரம் ஒரு நாள் போட மறந்து அரைநாள் வெளியே நின்றேன். அதற்குப் பிறகு கை தானாகவே போடுகிறது.

பத்தாம் தேதி கம்பெனி வக்கீல் தாளைக் கொண்டுவந்தார். கவுன்ட்டர் மூடிய பிறகு வந்ததால் ஏற முடியவில்லை என்று நான் ஒப்புக்கொண்டதாக இங்கிலீஷில் அச்சடித்ததைப் படித்தார். படித்துவிட்டுக் கையெழுத்து உங்களுடையதுதானே என்று கேட்டார். என்னுடையதுதான் என்றேன். வேலை முடிந்தது என்று பையை மூடினார்.

"ஐயா, என் பேருக்கு அடியில இன்னா எழுதியிருக்குதுன்னு பாருங்க" என்றேன்.

ஏதோ கிறுக்கியிருக்கிறது என்றார் வக்கீல். மன்றத்தில் உறுப்பினராக ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். "காலை 5-50" என்று படித்தார்.

அந்த அம்மா படிக்கும்வரை எனக்கே நிச்சயமில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

தலைவர் வக்கீலைக் கூப்பிட்டுக் கவுன்ட்டர் எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டார். ஆறரை என்றார் வக்கீல். "அப்போ ஆறரைக்கு மூடப்போற கவுன்ட்டருக்கு லேட்டா வந்துட்டேன்னு இந்தம்மா அஞ்சு அம்பதுக்கே எழுதிக் குடுத்துட்டாங்க. அப்படித்தானே?" என்றார். பின்னால் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். துலுக்கானம் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டான், டவாலி வந்து அதட்டினார். பொய்யான நேரம் எழுதியிருக்கலாமே என்று வக்கீல் இழுத்தார். அப்போது உன் பார்சலைப் பிரித்து மேஜைமேல் வைத்தேன். அந்த அம்மா பத்துப் பதினைந்து கடிதங்களை எடுத்து அடியை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். உன் மாமா போன கடிதத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, அதைத் தலைவரிடம் நீட்டினார். அவர் அதை மடித்துக் கட்டின்மேல் வைத்தார்.

முந்தாநாள் தீர்ப்பு வந்தது. இடத்துக்கு மேல் சீட்டு விற்றது கம்பெனியின் குற்றம். தெரியாத மொழியில் கையெழுத்து வாங்கியது அதைவிடப் பெரிய குற்றம். இருக்கை மறுத்ததைக் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும், தமிழில். ஏதோ ஒரு தொகையும் சொன்னார்கள். லோகநாதன் குறித்துக்கொண்டார்.

கடிதங்கள் நூற்று நாற்பத்தாறும் எண்ணி வாங்கிவிட்டேன். நீ கேட்ட சீட்டை இந்தக் கடிதத்தோடு வைக்கவில்லை. அதை எழுதி இரண்டு முறை கிழித்தாயிற்று.

உன் அக்கா
வேம்புலி
காலை 8-25


பட்டாபிராம்,
5-6-1995

அன்புத் தங்கை கண்ணம்மாவுக்கு,

கம்பெனியின் கடிதம் போன மாதம் வந்தது. நல்ல கனமான தாள், மேலே பறவைப் படம். "10-9-1994 அன்று பயணி வேம்புலியம்மாள் உரிய நேரத்தில் வந்தும், இடமின்மையால் விமானத்தில் ஏறவில்லை" என்று அடித்திருந்தார்கள். மூலையில் ஒரு துளை போட்டு, நூல் கோத்து, சீட்டுக் கட்டித் திருப்பி அனுப்பினேன். 'குறை: ஓர் எழுத்து. பார்த்தவர்: வேம்புலி. மணி: 3-10.' பதினைந்து நாளில் 'ஏற்றவில்லை' என்று திருத்தி வந்துவிட்டது. இந்த முறை மேலதிகாரியின் கையெழுத்து. மணி போடவில்லை, போகட்டும். முதல் நகல் இத்துடன். அதை உத்தமன் கையில் கொடு. அன்று திரும்பிக்கொண்டாரே, அந்த முகத்துக்கு.

வளைகாப்பு ஜூலை இரண்டாம் தேதி என்று எழுதியிருந்தாய். முப்பதாம் தேதியே வருகிறேன். அதே கம்பெனி, அதே ஏழேகால் விமானம், சீட்டு நானே வாங்கினேன். வேறு விமானத்தில் வந்தால் நான் பயந்துவிட்டேன் என்று நினைப்பார்கள். "இந்த தபா உடலன்னா ஆட்டோவ உள்ளயே உட்டுடுவேன் யக்கா" என்கிறான் துலுக்கானம்.

நீ கேட்ட சீட்டு. மூன்றாவது முறை எழுதி, கிழிக்காமல் அனுப்புகிறேன்.

நாள்: 1971 கார்த்திகை, உன் கல்யாணம். குறை: தாமதம். காரணம்: எனக்கு லீவு தரவில்லை என்று இத்தனை வருடம் சொன்னது பொய். நான் லீவு கேட்கவே இல்லை. அந்த வாரம்தான் பனிக்கோட்டு மேஜை ஒன்றை முதல்முதலாக என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். பன்னிரண்டு பெண்கள் என் கையெழுத்துக்குக் காத்திருந்தார்கள். ஒரு நாள் வராவிட்டால் மேஜை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று பயந்தேன். காலையில் ஒரு கட்டை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவந்துவிடலாம், இரண்டு ஸ்டேஷன்தானே என்று நினைத்தேன். கட்டு முடியவில்லை. மேஜையை விட்டு எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை கண்ணம்மா. அன்று நான்தான் ஏறவில்லை.

பார்த்தவர்: வேம்புலி
மாலை 5-50


செம்பூர்,
14-6-1995

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பெனி கடிதத்தை உத்தமன் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, முகூர்த்தப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். யார் வந்தாலும் சுருங்கின தோள்பட்டையைக் காட்டிவிட்டு, அடுத்து அதைப் படித்துக் காட்டுகிறார்.

உன் சீட்டை நான் யாருக்கும் காட்டவில்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு அங்கேயே நின்று படித்தேன். ரசம் பொங்கி வழிந்தது. லீவு தரவில்லை என்பதைவிட இது பெரிய குறைதான். ஆனால் இது உன் கையெழுத்து. இதை நம்புகிறேன்.

என்னிடம் பாஸ் முத்திரை கிடையாது. குங்குமத்தில் கட்டைவிரலைத் தோய்த்து உன் சீட்டின் மூலையில் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பையில் பத்திரமாக வை, ரவிக்கையோடு.

முப்பதாம் தேதி சாந்தாகுரூஸில் நிற்பேன். சுசீலாவும் வந்தே தீருவேன் என்கிறாள். கத்தரிக்கோலை மறக்காதே, இங்கே இருப்பது நூல்கூட வெட்டாது.

உன்
கண்ணம்மா
காலை 10-15